காற்று அசையாத காலை

மதிவதனி வரப்பில் குந்தி ஒரு பிடி வைக்கோலை முறுக்கிக் கொளுத்தினாள். பனியில் நனைந்த வைக்கோல் லேசில் பற்றுமா? மூன்று தீக்குச்சி வீணாய்ப் போனது. நாலாவதுக்குப் புகைய ஆரம்பித்தது. புகை நேராக எழுந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போனதும் எதிலோ முட்டிக்கொண்டாற்போல் நின்று பக்கவாட்டில் படர்ந்தது. மேலே ஏறவும் இல்லை, கலையவும் இல்லை. நெல் வயலின் மேலாக மெதுவாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

கிழக்கே காசியம்மாளின் சாமந்தித் தோட்டம். முக்கால் ஏக்கர், குத்தகை நிலம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். செடி பூராவும் மொட்டு கட்டி நின்றது.

"இன்னா பைலட்டம்மா, அடுப்பு பத்த வெச்சிட்டியா? அப்டியே ரெண்டு டீ போடு." குட்டியானை வண்டியின் பின்பக்கத்திலிருந்து கோபி குரல் கொடுத்தான். மருந்தடிக்கும் டிரோனை ஓட்டுவது அவள்; வண்டி ஓட்டுவது, தண்ணீர் இறைப்பது, பேட்டரி மாற்றுவது எல்லாம் அவன்தான். கம்பெனியில் அவளுக்கு முன்னாலிருந்து இருக்கிறவன்.

"புகை படுத்துக்கிச்சு கோபிண்ணா. இப்ப அடிக்க முடியாது. வெயில் ஏறட்டும்."

"காத்தே இல்லியே! ஒரு இலை ஆடுதா பாரு. இத விட நல்ல நேரம் எங்க கெடைக்கும்?"

"காத்து இல்லாததுதான் வம்பே. ராத்திரி பூரா வானம் தெளிஞ்சி கெடந்துச்சு இல்ல? தரை ஜில்லுனு ஆயிடுச்சு. தரைய ஒட்டன காத்தும் குளுந்து போயி கீழயே படுத்துக்கிச்சு. மேல இருக்கற சூட்டுக் காத்து அத மூடி போட்டு அமுக்கி வெச்சிருக்கு. இப்ப மருந்து அடிச்சா பெரிய துளி வுழும். பொடித் துளி வுழாது, அந்தரத்துலயே நின்னு எங்க வேணா போவும். பழகறப்ப சார் தலையில குட்டாத கொறையா சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப எப்பதான் அடிப்ப?"

"ஏழரைக்கு மேல. வெயில் பட்டா மூடி ஒடைஞ்சிடும்."

மணி ஐந்தே முக்கால். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, இரண்டே மணி நேரம். அதற்குப் பிறகு தரை சுட்டுக் காற்று மேலே கிளம்பிவிடும். மெஷின் மாட்டு வண்டியில் போகிறாற்போல் தூக்கித் தூக்கிப் போடும். மத்தியானமானால் ஐப்பசி மழை. இரண்டு மணி நேரத்தில் எட்டு ஏக்கர் முடித்தாலே பெரிது. கம்பெனி கொடுத்திருந்த கணக்கோ பதினெட்டு.

அவள் செல்போனை எடுத்து மேனேஜர் அருண்பிரசாத்துக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள். "சார், வணக்கம். இங்க காத்து சுத்தமா இல்ல, புகை படுத்துக்கினு போவுது. இப்ப அடிச்சா களைக்கொல்லி பக்கத்து சாமந்திக்குப் போயிடும் சார். ஏழரைக்கு ஆரம்பிக்கிறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"மதி, ஆப்ல காத்து எவ்ளோ காட்டுது?"

"சைபர் புள்ளி நாலு சார்."

"பச்சையா செவப்பா?"

"பச்சைதான் சார். ஆனா அதுல காத்து ஜாஸ்தியா அடிச்சா மட்டும்தான் செவப்பு வரும். இப்பிடி படுத்துக்கினு கெடந்தா அதுக்குத் தெரியாது சார்."

"ஆப்புக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா? ராஜமாணிக்கம் ஐயா பன்னெண்டு ஏக்கரு, அப்புறம் ஏரிக்கரையில ஆறு. மத்தியானம் மழைன்னு போட்டிருக்கான். இன்னிக்கு விட்டா களை பூ வெச்சிடும்னு ஐயா நேத்திலேருந்து உயிர எடுக்கறாரு."

"ஒன்ற மணி நேரம்தான் சார்..."

"இதோ பாரும்மா. உனக்கு ஓட்ட இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு. உன் எடத்துக்கு எட்டுப் பேரு சர்ட்டிபிகேட்டோட நிக்கறாங்க. ஆம்பளைப் பசங்க. வைக்கோல் கொளுத்திக்கினு ஒக்கார மாட்டாங்க."

போன் வைக்கப்பட்டது. எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்பது பொய்யில்லை, அவளே பார்த்திருக்கிறாள். வீட்டில் புருஷன் தசரதன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருஷமாகப் படுத்திருக்கிறான். மாசம் பிறந்தால் வீட்டுக்குள் வருகிற ஒரே சம்பளம் இது. பன்னிரண்டு வருஷம் களை பறித்துப் பறித்துக் கூன் விழுந்த முதுகை நிமிர்த்திக் கொடுத்ததும் இந்த வேலைதான். இது போனால் என்ன செய்வாள்? யாரைப் போய்க் கேட்பாள்?

ரிமோட்டின் திரையில் பச்சை வட்டம் மின்னியது. கீழே 'வானிலை சரி' என்று ஒரு பட்டன். அதை அமுக்காமல் மெஷின் கிளம்பாது. அமுக்கினாள்.

தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துதான் பார்த்தாள். துளியைப் பெரிதாக வைத்தாள். மெஷினைப் பயிருக்கு ஆறடி மேலே தாழ்த்தி ஓட்டினாள். சாமந்திப் பக்கம் நாலு கஜம் அடிக்காமல் விட்டாள். கடைசியாக மெஷின் அந்தப் பக்கம் போனபோது சூரியன் பனைமரத்துக்கு மேலே வந்திருந்தது. வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் அதுவரை கண்ணுக்குத் தெரியாதது தெரிந்தது. மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று நெல்லுக்கு மேலே இடுப்பளவில் தொங்கியது. அது கீழே இறங்கவே இல்லை. வரப்பைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி, மொட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயோ," என்றாள். கை ரிமோட்டிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் சாமந்தித் தண்டு முறுக்கிக்கொண்டது. நாலாம் நாள் இலையெல்லாம் சுருண்டு, மொட்டு கழுத்தொடிந்து தொங்கியது. காசியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுததை ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். சேதி காதில் விழுந்த அன்று மதிவதனிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே கூட்டத்தில் களை பறித்தவர்கள் இரண்டு பேரும். அவள் டிரோன் பழகப் போனபோது ஊரே கேலி பேசியது. காசியம்மாள்தான், "போடி, நீயாவது நிமிந்து நில்லு" என்று சொன்னவள்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு விசாரணை. கம்பெனி மேல் காசியம்மாள் கொடுத்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வேளாண்மை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்திறங்கினார். அருண்பிரசாத் திருவண்ணாமலையிலிருந்து காரில் வந்திருந்தான். அதிகாரிக்குக் காட்டுவதற்காக ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதிவதனி நின்றாள்; பக்கத்தில் கோபி. முந்தின நாளே போனில் சொல்லிவிட்டான்: "நீ வாயே தொறக்காத. சும்மா நில்லு. ரெக்கார்டு பேசிக்கும். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

ரெக்கார்டு பேசத்தான் செய்தது. அதிகாரி அருண்பிரசாத் நீட்டிய டேப்லெட்டைப் பார்த்தார், பிறகு சாமந்தியைப் பார்த்தார்.

"அன்னிக்கு காத்தே இல்லன்னு இருக்கேம்மா. சைபர் புள்ளி நாலு. காத்து இல்லாம மருந்து எப்டி வேலிய தாண்டி வரும்? நடந்தா வரும்? இது ஏதாவது நோயா இருக்கும்."

"நோயா?" காசியம்மாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எத்தினி வருசமா சாமந்தி வெக்கிறேன், நோய் எது, வெஷம் எதுன்னு எனக்குத் தெரியாதா சார்? அந்த மூலையில இருந்து இந்த மூலை வரிக்கும் ஒரே நாள்ல முறுக்கிக்கினு நிக்குதே, எந்த நோய் சார் இப்டி வரும்?"

"கோபப்படாதம்மா. எழுதறதுக்கு ஆதாரம் வேணும் இல்ல?"

அருண்பிரசாத் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தான். மதிவதனி தரையைப் பார்த்தாள். சும்மா நின்றால் போதும். இன்னும் ஐந்து நிமிஷம் வாயைக் கட்டினால் சம்பளம் உண்டு, தசரதனுக்கு மருந்து உண்டு. காசியம்மாள் பிடுங்கின செடியைக் கீழே போடாமல், என்ன செய்வதென்று தெரியாமல், குழந்தையைப் பிடிப்பதுபோல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காத்து இல்லாததாலதான் சார் வந்துச்சு," என்றாள் மதிவதனி.

எல்லோரும் திரும்பினார்கள். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கிடந்ததை, துளி இறங்காமல் தொங்கியதை, புகை போன திக்கை, எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வேணாம்னு சொன்னேன் சார். இதோ அனுப்புன குரலே இருக்கு." செல்போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். 'இப்ப அடிச்சா களைக்கொல்லி பக்கத்து சாமந்திக்குப் போயிடும் சார்.' அவளுடைய குரல்தான். ஐந்து ஐம்பத்திரண்டு என்று நேரம்கூட அதில் இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அதிகாரி இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஆறு மணிக்கு நீங்க மெஷின கௌப்பியிருக்கீங்க?"

"ஆமா சார். மேனேஜர் சார் போன் பண்ணி அடிச்சே ஆவணும்னு..."

"சார், ஒரு நிமிஷம்." அருண்பிரசாத் நிதானமாகப் பேசினான். சத்தமே போடவில்லை. "நான் போன் பண்ணது வாஸ்தவம். வேலை எப்ப முடியும்னு கேட்டேன். ஓட்டலாமா வேணாமாங்கறது பைலட் எடுக்கற முடிவு. ரூலே அதான். மருந்து பக்கத்துல போவும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. தெரிஞ்சும் 'வானிலை சரி'ன்னு அமுக்கினது யாரு? நானா?"

"அடப்பாவி! வேலைய வுட்டு அனுப்பிடுவேன்னு சொல்லல நீ?" மதிவதனி கோபியிடம் திரும்பினாள். "கோபிண்ணா, நீ அங்கதான நின்ன? சொல்லுண்ணா!"

கோபி துண்டால் கழுத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "நான் மருந்து கலக்கினு இருந்தேன் சார். மோட்டாரு சத்தத்துல எதுவும் காதுல வுழல," என்றான்.

அவ்வளவுதான். அதிகாரி எழுத ஆரம்பித்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, அடித்துத் திருத்தி, ஒரு பக்கம் எழுதினார். முடித்ததும் வாசித்துக் காட்டினார். களைக்கொல்லி பரவியதால் பயிர்ச் சேதம் ஏற்பட்டது உண்மை. ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருந்தும் இயந்திரத்தை இயக்கியவரின் அலட்சியமே காரணம். நிறுவனத்தின் பங்கு ஏதும் தெரியவரவில்லை. நஷ்டத்தைத் தசரதன் மனைவி மதிவதனியிடமிருந்து பெற்றுத்தருமாறு மனுதாரர் கோருகிறார்.

"ரிமோட்ட கோபிகிட்ட குடுத்துடு," என்றான் அருண்பிரசாத். "நாளையிலேர்ந்து வர வேணாம்."

ரிமோட்டின் வார் மதிவதனியின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. கழற்றி முடிப்பதற்குள் இரண்டு முறை கை நழுவியது.

"நான் இவ மேல மனு குடுக்கலியே சார்!" காசியம்மாள் முன்னால் வந்தாள். "கம்பெனி மேல இல்ல குடுத்தேன்? இவகிட்ட இன்னா இருக்கு? இவ வூட்டுக்காரனே எழுந்து நடக்க முடியாத கெடக்கறான். இவகிட்ட போயி நான் இன்னாத்த வாங்கறது?"

"கம்பெனி பேர்ல தப்பில்லன்னு ஆயிடுச்சும்மா. இவங்க பேரு போட்டாதான் ஃபைல் நகரும். வேணாம்னா விடுங்க, கிழிச்சிடறேன். அப்புறம் பூவுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னு என்கிட்ட வரக் கூடாது."

காசியம்மாள் சாமந்தியைப் பார்த்தாள். நிலத்துக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் உதடு முணுமுணுத்தது. பிறகு மதிவதனியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்னாடி செய்யட்டும் நானு? சொல்லு, இன்னா செய்யட்டும்?"

மதிவதனிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் திறந்தபோது வேறொன்று வந்தது. "போட்டுடுக்கா. ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது இருக்கட்டும்."

"கையெழுத்தா, கைநாட்டா?" என்றார் அதிகாரி.

"கைநாட்டுதான் சார்."

அதிகாரி சட்டைப் பையைத் தடவினார், ஜீப்புக்குள் குனிந்து தேடினார். மை வைத்த டப்பா கொண்டுவரவில்லை. அருண்பிரசாத் தன் தோள்பையைத் திறந்து புத்தம் புதிய மை டப்பா ஒன்றை எடுத்தான். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்தான். மூடியைக் கழற்றிக் காசியம்மாளுக்கு வாகாக நீட்டிப் பிடித்தான்.

காசியம்மாள் செடியைக் கீழே வைத்தாள். மண் ஒட்டிய கட்டைவிரலைப் புடவையில் துடைத்து மையில் அழுத்தினாள். ஜீப்பின் மேல் தாள் நழுவியது. மதிவதனி குனிந்து அதன் ஓரத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், ரேகை கலையாமல் விழுவதற்காக.