சரியான நேரம் காட்டிய ஒரே காலை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் அழகுமுத்து என் அப்பா. போன மாதம், சாவதற்கு இரண்டு நாள் முன்பு, கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னது இது. இடையில் இருமல் வந்தது. மீதியைச் சொல்லவில்லை.

‘அப்பா’ என்று எழுதினால் மூன்றாவது வரியிலேயே மன்னித்துவிடுவேன். அதனால் பெயரைச் சொல்லி, ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

2

‘மலைமுகடுகளை மூடுபனி தழுவிக்கொண்டிருந்த அந்த—’

(வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை எதை எடுத்தாலும் பனி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.)

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். தேயிலை ஸ்டோரின் முகப்பில், ஆட்கள் குடியிருக்கும் மூன்று லயங்களுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய கடிகாரம். அது அரை மணி முந்தி ஓடும். ஆட்கள் இருட்டோடு எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டுமென்று துரை செய்த ஏற்பாடு அது.*

ஏணி வைத்து ஏறி அதற்குச் சாவி கொடுப்பது அழகுமுத்துவின் வேலை. “வெளிய மூச்சு விடாத” என்று ஸ்டோரைக் கவனிக்கிற டீமேக்கர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷம் அவன் விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட.

* மாலையில் வேலை முடிவது துரையின் கைக்கடிகாரப்படி. அது சரியாக ஓடும்.

3

1953. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களை அட்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வராதவர்களின் மனு தள்ளுபடி. செல்லசாமிக்கும் அவன் மனைவி ராக்காயிக்கும் கடிதம் வந்தது. காலை எட்டுப் பத்து ரயிலைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு அரை மணி நடை.

முந்தின நாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ராக்காயி அழகுமுத்துவிடம் சொன்னாள்: “போறதுக்குப் பயமில்லண்ணே. பூரணிக்குத்தான் சளி. கைப்புள்ளய வச்சுக்கிட்டு டேசன் பனியில நிக்கணுமேன்னு இருக்கு.”

கடிகாரத்தை நம்பிப் போனால் அரை மணி வீணாக நிற்பார்களே என்று அழகுமுத்து கவலைப்பட்டான். வாய்விட்டுச் சொன்னால் ரகசியம் போய்விடும், வேலையும் போய்விடும். மறுநாள் பெரட்டு கலைந்ததும் ஏறி, முள்ளை அரை மணி பின்னால் தள்ளினான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது உண்மையைக் காட்டியது.

(இது அன்றைக்கு வந்த இரக்கமா, அல்லது பிற்பாடு தன்னைத் தேற்றிக்கொள்ள அவன் சேர்த்துக்கொண்ட இரக்கமா? எனக்குத் தெரியவில்லை.)

4

ஏழே முக்காலுக்கு ஸ்டோர் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். ராக்காயி லயத்து வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடினான்.

“இன்னும் கெளம்பலையா?”

“எட்டாகட்டும்” என்றான் செல்லசாமி. “அது அரை மணி முந்தியில்ல ஓடுது. அதுல எட்டுன்னா நமக்கு ஏழரை.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“ரயிலு கூவுறது காதுல விழாதா? லயத்துல எல்லாருக்கும் தெரியும்ண்ணே. ஒங்களுக்குத்தான் தெரியாதாக்கும்.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதென்று நினைக்குமாம். என் அம்மாவும் பன்னிரண்டு வருஷமாக அரை மணியைக் கழித்துத்தான் சோறு வடித்திருக்கிறாள்.

அப்போதே ஓடியிருந்தால் ரயிலைப் பிடித்திருக்கலாம். ‘முள்ளை நான்தான் தள்ளினேன்’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஸ்டோர்ப் படியில் டீமேக்கர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வெரசாப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அழகுமுத்து திரும்பி வந்தான். செல்லசாமி சிரித்தான்.

(‘அவர்கள் ஓடினார்கள். கார்டு பச்சைக் கொடியைத் தாழ்த்தி—’ இல்லை. எழுதிப் பார்த்தேன். கை கூசுகிறது.)

அவர்கள் எட்டு மணிக்குத்தான் புறப்பட்டார்கள். பாதி வழியிலேயே ரயில் கூவிவிட்டது.

5

சாயங்காலம் அழகுமுத்து ஏணியோடு வந்தான். மறுநாள் பெரட்டுக்குள் முள்ளை மறுபடி முன்னால் தள்ளியாக வேண்டும். கடிகாரத்தின் கீழே ராக்காயி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்த ரயில்ல போனோம்ண்ணே. ஆள் வரலன்னு பைலை மூடிட்டாங்களாம். கடியாரத்த நாங்க சரியாத்தான் பாத்தோம். இன்னைக்குன்னு பாத்து ரயிலு முந்திப் போயிருச்சு.”

அவன் ஏணியைச் சுவரில் சாய்த்தான்.

இந்த இடத்தில்தான் இருமல் வந்தது.

6

மறுநாள் கடிகாரம் வழக்கம்போல அரை மணி முந்தி ஓடியது என்று அம்மா சொல்கிறாள். ஆகவே ஏறியிருக்கிறான். ராக்காயியின் கண்முன் ஏறினானா? அவள் எழுந்து போகும்வரை காத்திருந்தானா? வாயைத் திறந்தானா? மூன்றையும் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன்.

ராக்காயி அத்தை, நீங்கள் பூண்டுலோயா பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பூரணிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், இதை வாசித்துக் காட்டுவாள். முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஆள் உங்களிடம் என்ன சொன்னான்? கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லி அனுப்புகிறவரை என்னால் அவனை அப்பா என்று எழுத முடியாது.

“...........................................”