அலமாரிக்குள் ஓர் அழுகை

தொற்றுநோய் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, அவரவர் வேலை அவரவர் வீட்டுக்குள் வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. வாத்தியார் வீட்டுக்கு வகுப்பறை வந்தது. கணக்கர் வீட்டுக்கு ஆபீஸ் வந்தது. இன்ஷூரன்ஸ்காரர் வீட்டுக்கு வந்தது அழுகை.

அவருடைய மனைவி டப்பிங் கலைஞர். வேற்றுமொழித் தொடர்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பவள். யார் கண் பட்டதோ, ஆரம்பத்தில் ஒரு தொடரில் நன்றாக அழுது தொலைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சிரிக்கிற வேடம் என்று ஒன்று அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூடியோவில் அவளுக்கு ‘அழுகை அக்கா’ என்றே பெயர். விசும்பல் வேண்டுமா, தேம்பல் வேண்டுமா, நெஞ்சைப் பிளக்கிற கேவல் வேண்டுமா, துணிக்கடைக்காரர் துணி விரித்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள்.

இத்தனை வருடங்களாக அந்த அழுகையெல்லாம் ஸ்டூடியோவோடு போயிற்று. வீட்டிலும் அவள் எப்போதாவது அழுததுண்டு. அப்போதெல்லாம் இன்ஷூரன்ஸ்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பதிவு சரியாக வந்தால் ஸ்டூடியோவில் சொல்வதுபோல, “டேக் ஓகே” என்பார். உலகத்திலேயே பெரிய நகைச்சுவை அதுதான் என்று அவருக்கு நினைப்பு. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள், அவரும் மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார்.

ஸ்டூடியோவை மூடியதும் படுக்கையறையின் துணி அலமாரி ஸ்டூடியோவாயிற்று. நடுத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு ஸ்டூலும் மைக்கும் வைத்தார்கள். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே போகாது. ஆனால் அவள் குரல் கம்பளிக்கெல்லாம் கட்டுப்படுகிற குரலா? அது சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாகப் போய்வந்தது.

அலமாரியிலிருந்த துணிகள் சோஃபாவுக்கு வந்தன. சோஃபாவிலிருந்த இன்ஷூரன்ஸ்காரர் வாஷிங் மெஷினுக்குப் போனார். அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விபத்துக்கு நஷ்டஈடு கேட்பவர்களிடம் தன்மையாகப் பேசி அனுப்புவதுதான் அவர் வேலை. ஒருநாள் ஒருவர் கார்க் கண்ணாடி உடைந்த கதையை ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், உள்ளே அலமாரியில் ஒரு தாய் மகனைப் பறிகொடுத்தாள். மறுமுனையில் சட்டென்று பேச்சு நின்றது. “சார், உங்க வீட்டுக் கஷ்டத்துக்கு முன்னாடி என் கண்ணாடி என்ன பெருசு. நீங்க போய்ப் பாருங்க சார்” என்று போனை வைத்துவிட்டார். இப்படியே பல பேர் வைத்துவிட்டதால், அந்த மாதம் புகார்களை விரைவாகத் தீர்த்தவர் என்று ஆபீஸில் அவருக்குப் பாராட்டு வந்தது.

கட்டிடத்தில் கதை வேறு மாதிரி போனது. மனைவி டப்பிங் பேசுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. முன்பு இருந்த வீட்டில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, பார்த்தவரெல்லாம் “எங்க, கொஞ்சம் அழுது காட்டுங்க” என்று கேட்டு அவள் பட்ட பாடு போதுமென்றிருந்தது. அதனால் இங்கே வாயைத் திறக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு வேண்டுமென்று வெளியே போனாலும் பேசமாட்டாள். ஒருநாள் மாடிப்படியில், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எதிரே வந்தார்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

அவள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டிக் கணவரைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கா சார்” என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

“நான் அவங்களைக் கேட்டேன்” என்றார் செயலாளர். அன்றிலிருந்து அவர் பார்வையே சரியில்லை. கீழ் வீட்டு நர்ஸம்மா இன்ஷூரன்ஸ்காரரைக் கண்டால் கதவை மூடுவதற்குப் பதிலாக நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு முறைத்தார். எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன், எதற்கு முறைக்கிறார்கள் என்று புரியாமல் எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு திரிந்தார்.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் போன் வந்தது. பேசியது டப்பிங் டைரக்டர். வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

“அக்கா, அம்மாவை மகன் வீட்டை விட்டுத் துரத்துற சீன் அனுப்பியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வேணும். போன வாரம் நீங்க அனுப்பினது எதுவும் சேனலுக்குப் பிடிக்கல. இதுவும் அப்படி இருந்தா வேற ஒருத்தவங்களுக்குக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுலயே ஒழுங்கா ரெக்கார்டிங் ரூம் இருக்காம்.”

அவள் போனை வைத்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்ற தொடர்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய், கையில் மிஞ்சியது அந்த அம்மா ஒருத்திதான். பல வருடங்களாக அவளுக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து, அந்த அம்மா யார், தான் யார் என்ற வித்தியாசமே பாதி மறந்துவிட்டது. அவளை இன்னொருத்தி வாயில் கேட்பதா?

“போன வாரம் ஏன் சரியா வரல?” என்றார் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட இன்ஷூரன்ஸ்காரர்.

“ஸ்டூடியோல மகனுக்குப் பேசறவர் பக்கத்து மைக்ல நின்னு திட்டுவார். சாவுக்கு, நோய்க்கெல்லாம் தனியாவே அழுதுடுவேன், ஆனா மகன் துரத்துற சீன்ல அந்தத் திட்டு காதுல விழுந்தாத்தான் எனக்கு அழுகை வரும். இங்க யாரு திட்டுறா? கம்பளியைப் பாத்து எப்படி அழறது?” என்றவள், கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். “நீங்க திட்டுங்களேன்.”

ஏற்பாடு எளிமையானது. அவர் ஹாலில் நின்று போனில் மகனுடைய வசனத்தைச் சொல்வார். அலமாரிக்குள் அது அவள் ஹெட்போனில் கேட்கும், அவள் குரல் மட்டும் பதிவாகும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“இந்த வீட்டுல இனி உங்களுக்கு இடமில்லைங்க. தயவுசெஞ்சு...”

“‘உங்களுக்கு’ எங்கேருந்து வந்துச்சு? கஸ்டமர்கிட்டயா பேசறீங்க? பெத்த அம்மாவைத் துரத்துற பாவி நீங்க.”

மறுபடி எடுத்தார். “இந்த வீட்டுல இனி உனக்கு இடமில்ல. வெளிய போ. மாஸ்க் போட்டுக்கிட்டுப் போ.”

அலமாரிக்குள் அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. நேரமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். புத்தியுள்ள எந்தப் பெண்டாட்டியும் கேட்கக்கூடாத கேள்வி அது.

“உங்களுக்கு என் மேல ஒரு கோவம்கூடவா இல்ல? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

இன்ஷூரன்ஸ்காரர் யோசித்தார். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு பார்த்தால், அடேயப்பா.

“என் சட்டையெல்லாம் சோஃபால கசங்கிக் கெடக்கு” என்றார்.

“ம், வருது. நிறுத்தாதீங்க.”

“வாஷிங் மெஷின் மேல லேப்டாப் வச்சு வேலை பாக்கறேன். அது சுத்துறப்ப நானும் சேர்ந்து ஆடறேன். உங்களுக்கு ஏதோ நடுக்கம் இருக்கு, டாக்டரைப் பாருங்கன்னு மேனேஜர் சொல்றார்.”

“சத்தமா.”

“விடிஞ்சா அழுகை, பொழுதடைஞ்சா அழுகை. எது வேலை, எது நெசம்னு யாருக்குத் தெரியுது? உண்மையைச் சொல்லட்டுமா? கல்யாணமானதுலேருந்து நீ அழுது நான் நம்பினதே இல்ல. ஒரு தடவைகூட நம்பினதில்ல. எல்லாம் நடிப்பு. இந்த வீட்டுல உனக்கு இடமில்ல, வெளிய போ.”

கடைசி வரி அவரே எதிர்பாராத வகையில் அடிவயிற்றிலிருந்து வந்து, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. வசனத்தை ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே பெருமை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு மெல்ல, “போறேம்பா. நீ நல்லா இரு” என்று அந்த அம்மாவின் வசனம். மறுபடி மூக்கு உறிஞ்சல். அவ்வளவுதான்.

அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. அவரைப் பார்க்காமல், பதிவானதை அப்படியே டைரக்டருக்கு அனுப்பினாள்.

“டேக் ஓகேவா?” என்றார் இன்ஷூரன்ஸ்காரர். அவள் சோஃபாவில் கிடந்த அவர் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அப்போதுதான், தான் சொன்னது வெறும் வசனமாகப் போய்ச் சேரவில்லையோ என்று அவருக்கு லேசாக உறைத்தது. என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் காலிங்பெல் அடித்தது.

வாசலில் செயலாளரும் நர்ஸம்மாவும் நின்றார்கள். செயலாளர் கையில் நீளமான துடைப்பக் கட்டை இருந்தது. இடைவெளி விட்டு நிற்கக் கொண்டுவந்தாரா, வேறு எதற்காவதா என்பது தெளிவாகவில்லை.

“வெளிய போன்னு நீங்க கத்தினது மேல் மாடி வரைக்கும் கேட்டுது சார்” என்றார் செயலாளர். “இந்த நேரத்துல ஒரு பொம்பள எங்க போவாங்க?”

“நீங்க தள்ளி நில்லுங்க” என்று நர்ஸம்மா இன்ஷூரன்ஸ்காரரை ஓரங்கட்டினார். “அம்மா, பயப்படாம சொல்லுங்க. என்ன பண்ணினார்?”

“அது வேலைங்க” என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

“எல்லாரும் மொதல்ல இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க” என்று நர்ஸம்மா பெருமூச்சு விட்டார். இன்ஷூரன்ஸ்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

“அக்கா, என்னக்கா இது?” என்று டைரக்டரின் குரல் வீட்டை நிறைத்தது. “பெத்த பிள்ளை துரத்துறான், நீங்க மூக்கடைச்ச மாதிரி உறிஞ்சிட்டு நிக்கறீங்க. இதுவா அழுகை? ஒரு சொட்டுகூட நெசமா இல்ல, அப்பட்டமாப் பொய்னு தெரியுது. உடனே வேற ஒண்ணு பண்ணி அனுப்புங்க. இல்லன்னா நான் அவங்களைத்தான் கூப்பிடணும்.”

போன் வைக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு விஷயம் பாதி புரிந்தது, மீதியை அவள் நாலு வார்த்தையில் சொன்னாள். எந்தத் தொடர் என்று தெரிந்ததும் செயலாளரின் முகமே மாறிப்போயிற்று.

“அந்த அம்மாவா நீங்க? எங்க வீட்டுல நீங்க அழுதா அன்னிக்கு அடுப்பே எரியாதே.”

“நான் மறுபடி திட்டறேன்” என்று இன்ஷூரன்ஸ்காரர் முன்னால் வந்தார்.

“நீங்க வேணாம்” என்றாள் அவள்.

“நான் திட்டறேம்மா” என்றார் செயலாளர். குப்பையைப் பிரித்துப் போடாதவர்களை வருடக்கணக்காகத் திட்டித் திட்டி உரமேறிய தொண்டை அது. துடைப்பக் கட்டையை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனை வாங்கினார். அவர் போட்ட போட்டில் பெற்ற தாய் என்ன, பெறாத தாய்கூடப் பெட்டியைக் கட்டியிருப்பாள். அடுத்த நொடி அலமாரிக்குள்ளிருந்து கிளம்பியது அழுகை. அடிமூச்சில் ஆரம்பித்து, விம்மி, உடைந்து, “போறேம்பா” என்பதில் உயிரையே அறுத்துக் கையில் கொடுத்தது. நர்ஸம்மா துடைப்பக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். செயலாளர் தன் வசனம் முடிந்ததையும் மறந்து, “ஐயோ பாவம், இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் சிபாரிசு செய்தார்.

அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே டைரக்டர் அழைத்தாள். “இதுதான்க்கா அழுகை. நெசம்னா இது நெசம். டேக் ஓகே. அம்மா எங்கயும் போகல, உங்ககிட்டயேதான் இருப்பாங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். இன்ஷூரன்ஸ்காரரும் தட்டினார். ஆனால் டேக் ஓகே என்று இன்னொருத்தர் வாயில் கேட்டபோது அவருக்குச் சுருக்கென்றது. போகும்போது செயலாளர் மன்னிப்புக் கேட்டார். நர்ஸம்மா மட்டும், “எதுக்கும் என் நம்பரை வச்சுக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த இன்ஷூரன்ஸ்காரர், கம்பளியைச் சரிசெய்துகொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

“மொதல்ல அனுப்பினது இருக்கா?”

“அதான் பொய்யா இருக்குன்னுட்டாங்களே. அழிக்கப் போறேன்.”

“அழிக்காத. நான் கேக்கணும்.”

அவள் ஹெட்போனைக் கொடுத்தாள். அவர் அலமாரிக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பதிவில் அவர் குரல் இல்லை. அவர் கத்திய இடமெல்லாம் வெறும் அமைதியாக இருந்தது. என்ன கத்தினோம் என்று அவருக்குத்தான் தெரியுமே. அந்த அமைதி முடிந்ததும், மூக்கை உறிஞ்சுகிற அந்தச் சின்னச் சத்தம் வந்தது.

அதை அவர் முன்பே கேட்டிருந்தார். மாமனார் இறந்துபோன மறுநாள், பாத்திரம் கழுவிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றாளே, அப்போது கேட்டார். குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு வந்த அன்று, மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்டார். சத்தமாக அழுதபோது நடிப்பு என்றவர், சத்தமில்லாமல் அழுதபோது சளி என்று நினைத்து, “ஆவி பிடி, சரியாயிடும்” என்று அக்கறையாகச் சொன்னார். அவளும் மறுபேச்சில்லாமல் வெந்நீர் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தாள்.

வெளியிலிருந்து அவள் கதவைத் தட்டினாள். “ஆச்சா? உள்ள புழுக்கமா இருக்கும், வாங்க.”

“இன்னொரு தடவை கேட்டுட்டு வரேன்” என்றார் அவர். கூடவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, அலமாரிக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.