சத்தம் போன வழி

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் கணினி ஊமையாகிவிட்ட எரிச்சலில் பிறந்தது. என் மேசைக் கணினிக்குள், பெரிய வீட்டில் ஒரு குடித்தனக்காரர் மாதிரி, சின்னதாக யூனிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் ஓடுகிறது. சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வார். வாயை மட்டும் திறக்க மாட்டார். ஒலிபெருக்கி வீட்டுக்காரரான கணினியுடையதாயிற்றே! இவர் தன் சத்தத்தை ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்ப வேண்டும். அந்த முகவரியில் ஒரு நிரல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சரிசெய்ய எனக்கு முழுதாக இரண்டு நாள் பிடித்தது. போன இரண்டு நாளைக் கதை எழுதியாவது மீட்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே மௌனத்தில் உறைந்து—" வேண்டாம்.

இரண்டாவது: "மென்பொருள் பொறியாளன் ஒருவன்—" இதுவும் வேண்டாம். அவனுக்குச் சத்தம் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மூன்றாவது: பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பு செய்கிறவள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இன்னும் இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குரல் பழையபடி வருமா என்றால், "பார்க்கலாம்" என்கிறார் மருத்துவர். வெளியூரில் இருக்கும் மகள் நான்கு மணிக்குக் கூப்பிடுவாள். "ஒரே ஒரு வார்த்தை பேசும்மா" என்று போன வாரம் அழுதிருக்கிறாள்.

அவளுடைய நாத்தனார் நிரல் எழுதுகிறவள். பழைய அறிவிப்புப் பதிவுகளையெல்லாம் கொட்டி, அண்ணியின் குரலிலேயே பேசும் நிரல் ஒன்றைச் செய்து அனுப்பியிருக்கிறாள். எழுத்தைத் தட்டினால் பேசும். யூனிக்ஸில்தான் ஓடும். (இந்த இடத்தில் என் குடித்தனக்காரரை நைசாக உள்ளே நுழைத்துவிட்டேன்.)

3

மணி இரண்டே முக்கால். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தட்டினாள். சத்தமில்லை.

"தடம் எண் நாற்பத்தேழு, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." மூச்சில்லை.

நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது: "அண்ணி, பிழைன்னு ஏதாவது காட்டுதா?"

"ஒண்ணும் காட்டல. ஒழுங்கா ஓடி முடியுது."

"அப்போ சத்தம் எங்கயோ போகுது. எங்கேன்னு பாக்கறேன், கொஞ்சம் இருங்க."

அவளைப் பொறுமைசாலியாகத்தான் எழுத நினைத்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் அவள் எனக்குக் கட்டுப்படவில்லை. "பேசித் தொலையேன் சனியனே" என்று தட்டினாள். "கட்டின மனுஷன் பக்கத்து ரூம்லதான் இருக்காரு, ஒரு தடவை எட்டிப் பாக்கறாரா பாரு, அவருக்குப் பல்லுதான் முக்கியம்" என்று தட்டினாள். (கணவர் பல்செட் செய்கிறவர். பக்கத்து அறைதான் பட்டறை. தூசி வெளியே வராமலிருக்கக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அங்கே பல்லை உரசுகிற மோட்டார் இதற்குள் நின்றுபோனதை அவள் கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சத்தம் வராத எரிச்சலில் இருப்பவருக்கு வேறு எதுவும் காதில் விழாது. அனுபவத்தில் சொல்கிறேன்.)

மூன்றரை மணிக்கு, யாருக்கும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், இதைத் தட்டினாள்:

"எனக்குப் பயமா இருக்கு. என் குரல் வராமலே போயிடுமோன்னு பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

பட்டறைக் கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரே ஒரு சொல்.

"கேக்குது!"

4

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பேருந்து நிலையத்து இரைச்சலில் அறிவிப்பு எடுபடுமா என்று பார்க்க, முன்பெல்லாம் அவள் பதிவுகளை இந்தக் கணினியின் யூனிக்ஸிலிருந்து பட்டறைக் கணினிக்கு அனுப்புவாள். அங்கே பெரிய ஒலிபெருக்கி இருக்கிறது. அவர் மோட்டாரை ஓடவிட்டுக் கேட்பார். அந்த இரைச்சலையும் மீறிப் புரிந்தால் கதவைத் திறந்து "கேக்குது!" என்று கத்துவார். யூனிக்ஸின் அமைப்புக் கோப்பில் அப்போது எழுதிய பட்டறை முகவரியை அவள் அழிக்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக அங்கேதான் போயிருக்கிறது.

அவள் ஓடிப்போய் நின்றாள். அவர் கையில் பாதி முடிந்த மேல்வரிசைப் பல்.

"மொதல் வார்த்தையிலேயே மோட்டாரை நிறுத்திட்டேன். டாக்டர் பேசாதேன்னாரே, இவ பேசறாளேன்னு திட்டத்தான் எந்திரிச்சேன். அப்புறம்தான் இது தங்கச்சி பண்ணினதுன்னு புரிஞ்சுது."

புரிந்ததும் வந்து சொல்வதற்கென்ன என்று அவள் கையாலேயே கேட்டாள்.

"வந்தா நீ நிறுத்திடுவியே. பத்தொம்பது நாளாச்சு உன் குரலைக் கேட்டு. என்னைத் திட்டினாலும் பரவாயில்லன்னு உக்காந்துட்டேன்." பல்லை மேசைமேல் வைத்தார். "ஆனா கடைசியா சொன்னியே, அதுக்கு உக்காந்திருக்க முடியல."

இங்கே "அவர் கண்கள் பனித்தன" என்று எழுதி அடித்துவிட்டேன். அழுதவள் அவள்தான். அழுதுகொண்டே சிரித்தாள், இரண்டும் சத்தமில்லாமல். யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாகிவிட்டது, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

5

முடிவு ஒன்று: முகவரியை மாற்றுகிறாள், அவள் கணினியே பேசுகிறது. முடிவு இரண்டு: மாற்ற நேரமில்லை, மணி நான்கு. அவள் தன் மேசையில் தட்டுகிறாள். பட்டறையில் அவர் தொலைபேசியை ஒலிபெருக்கி அருகே பிடித்திருக்கிறார். நடுவில் கதவு திறந்திருக்கிறது.

இரண்டாவதே இருக்கட்டும். எப்படியானாலும் சத்தம் வரும், அதில் நான் விளையாட மாட்டேன். எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: மகளிடம் அவள் என்ன சொல்வாள்? "நல்லா இருக்கேன்" என்று எழுதினேன், பாதிதான் உண்மை. "எனக்குக் கொஞ்சம்—" என்று தொடங்கினேன், முடிக்கவில்லை.

"அம்மா?" என்கிறது தொலைபேசி. அவள் விரல்கள் விசைப்பலகைமேல் நிற்கின்றன. அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பட்டறைக் கதவு திறந்துதான் இருக்கிறது.