ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்

அந்தத் தொண்டை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் சிட்டு. ஓரிடத்தில் நிற்க மாட்டாள். யாரையும் காக்க வைக்கவும் அவளுக்கு மனசு வராது. காலையில் முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டரைப் போடுவது அவள் வேலை. அந்த மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில், அது போட்டதும் வேலைக்கு வராமல் கறுப்புத் திரையைக் காட்டி அடம்பிடித்தது. டிஸ்கில் உள்ள கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும், இப்போது வேண்டாமென்றால் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும் என்றது.

சோதனை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே பெஞ்சில் எச்சில் விழுங்கக்கூட முடியாமல் ஜனங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு பொத்தானை அழுத்தினாள். மறுநாளும் அழுத்தினாள். அப்புறம் ஜன்னலைத் திறப்பது போல அதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அது கேட்டால் சோதனையை ஓட விட்டுவிடுங்கள் என்று, பழுது பார்க்க வரும் கம்ப்யூட்டர்காரர் எப்போதோ சொன்னதற்கு அவள் தலையாட்டியதோடு சரி. பாவம், நல்ல மனசுதான் இந்தக் காரியத்தைச் செய்தது. கெட்ட மனசாக இருந்தால் இவ்வளவு தவறாமல் செய்திருக்காது.

அதே டிஸ்கில்தான் குரல்களும் இருந்தன. குரல்வளையை எடுக்க வேண்டியவர்களை ஆபரேஷனுக்கு முன்பே ஓர் அறையில் உட்கார வைத்து, எல்லோருக்கும் பொதுவான சில நூறு வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வார்கள். பிறகு அவர்கள் தட்டச்சு செய்வதை அவரவர் குரலிலேயே பேசும் கருவி அதை வைத்துத் தயாராகும். கணக்கு டீச்சர் ஒருவர் அப்படிப் படித்துவிட்டுப் போனார். அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். பதிவு நடந்த நாளெல்லாம் அறைக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். சிட்டு எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கருவி செய்வதற்காகத் திறந்து பார்த்தால், டீச்சரின் கோப்புறை காலியாக இருந்தது. வேறிடத்தில் வைத்திருந்த நகலும் இந்த டிஸ்கைப் பார்த்து எடுத்ததுதான் என்பதால் அதிலும் ஒன்றுமில்லை. மறுபடி பதிவு செய்யலாம் என்றால் அந்தக் குரல் இனி எங்கே இருக்கிறது?

சிட்டு கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டாள். பழியைக் கரண்டின் மேல் போட்டிருக்கலாம். கரண்ட் வந்து மறுக்கப் போவதில்லை. அவளால் முடியவில்லை.

"தம்பி, அது தினமும் கேட்டுச்சு. நான்தான் வேணாம் வேணாம்னு அழுத்திக்கிட்டே இருந்தேன்."

கம்ப்யூட்டர்காரர் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். "இன்னைக்காவது அழுத்தாதீங்கக்கா," என்றார்.

சோதனை மதியம் வரை ஓடியது. பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்த் தாமதத்துக்குத் தான்தான் காரணம் என்று சிட்டு சொன்னாள். கடைசியில், சிதறிக் கிடந்த கோப்புகளையெல்லாம் திரட்டிச் சோதனை ஒரே இடத்தில் கொட்டியது. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒரே ஒரு கோப்பு டீச்சருடையது என்று உறுதியாகத் தெரிந்தால் போதும், அதோடு ஒப்பிட்டு மிச்சத்தைப் பிரித்துவிடலாம் என்றார் கம்ப்யூட்டர்காரர். ஆனால் எல்லாம் கரகரத்த தொண்டைகள், எல்லாம் ஒரே வாக்கியங்கள். எது யாருடையது என்று சிட்டுவுக்குப் பிடிபடவில்லை.

தையல்காரருக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல் அவர் ஓடி வந்தார். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டியதைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொன்றாகப் போட்டார்கள். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது' என்று எத்தனையோ பெண்கள் எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாமே அவ மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கும்மா. வீட்ல அவ இப்படியா பேசுவா?"

கட்டிய மனைவியின் குரலே தெரியவில்லையே என்ற வெட்கத்தில், தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே இருந்த நடைக்குப் போய்விட்டார். சிட்டு நம்பிக்கையில்லாமல் அடுத்ததைப் போட்டாள். 'கதவை மெதுவாகச் சாத்தவும்' என்றது ஒரு குரல். காகிதம் புரளும் சத்தம். பிறகு, படிக்கும் தொனி போய், "என்னங்க..." என்றது.

"இதோ வந்துட்டேன்," என்று நடையிலிருந்து பதில் வந்தது.

கையில் டம்ளரோடு தையல்காரர் வாசலில் நின்றார். என்ன செய்தோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வாக்கியத்துக்கு வெளியே உள்ள பேச்சை வெட்டி எறிவதே வழக்கம் என்பதால், கம்ப்யூட்டர்காரரின் கை தன்னால் நிறுத்தப் போனது.

"நிறுத்தாதீங்க தம்பி. அவ கூப்பிட்டான்னா முழுசா சொல்லித்தான் முடிப்பா."

"வெளியவே நிக்காதீங்க, கால் வலிக்கும்," என்றது டீச்சரின் குரல். "உள்ள வந்து உக்காருங்க."

தையல்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.