டிராக்டருக்கு அடியில் இளவரசி

1

ஒரு சண்டையிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் எதிர்வரிசையில் என் தோழி ராஜமும் அவள் கணவர் வேணுகோபாலும் குடியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குக் கூப்பிட்டு, என்னை நடுவில் உட்காரவைத்துச் சண்டை போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், ராஜத்தின் பழைய டிராக்டரில் ஆயில் பிரஷர் போனதே, அதன் காரணத்தைக் கண்டுபிடித்தது யார்? தன் கட்டைவிரல் என்றார் அவர். தன் மூக்கு என்றாள் அவள். சிரித்த சிரிப்பில் என் புடவையெல்லாம் காப்பி. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "அந்தி சாயும் பங்காருபேட்டைச் சாலையில், தனிமையின் வடிவமாக ஒரு டிராக்டர்—"

வேண்டாம். அதன் டிரெய்லரில் ஒரு நாடக சபாவே உட்கார்ந்திருந்தது. தனிமைக்கு அங்கே இடம் ஏது?

இரண்டாம் தொடக்கம்: "ராஜம் பேரழகி." இதை ராஜமே அடிக்கச் சொல்லிவிட்டாள். "டிராக்டர் ஓட்டுவான்னு போடேன். அது போதும்."

2

சரி, ராஜம் டிராக்டர் ஓட்டுவாள். அப்பா பெருமாள் ஏலத்தில் எடுத்த வண்டி. அவருக்கு முதுகு மடங்கியபின் அவள்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் உழுதாள். அதில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. வண்டியை ஜவுளிக்கடை ஜம்புலிங்கத்தின் கொட்டகையில் நிறுத்துவாள். அதே கொட்டகையில்தான் அவருடைய சபா ஒத்திகை பார்க்கும். வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கேட்டு ராஜத்துக்கு நாடகம் முழுக்க மனப்பாடம்.

ஜம்புலிங்கம் ராஜா வேஷம். சுரங்கத்துக் கம்ப்ரெஸர் அறையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த வேணுகோபால் இளவரசி வேஷம். (சபாவில் பெண்கள் இல்லை. மீசை இல்லாமல் வேணுகோபால் லட்சணமாக இருப்பார் என்று ஜம்புலிங்கம் கருதினார். ராஜமும் கருதினாள். ஆனால் வெளியே சொல்லவில்லை.)

பங்காருபேட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் நாடகம். ஊருக்குப் போய் ஒப்பனை செய்ய நேரமிருக்காதென்று வேஷத்தோடேயே எல்லாரும் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள்.

3

பாதி வழியில் முள் இறங்கியது.

(டிராக்டர் தெரியாதவர்களுக்கு: எஞ்சினுக்குள் சுழலும் பாகங்களுக்கெல்லாம் ஆயில் அழுத்தத்தோடு போய்ச் சேரவேண்டும். சேருகிறதா என்று ஓட்டுபவருக்குக் காட்டுவது அந்த முள். அது பூஜ்யத்தில் இருக்கும்போது ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் இறுகிப்போகும்.)

ராஜம் உடனே எஞ்சினை நிறுத்தினாள். ஜம்புலிங்கம் பதறி இறங்கி வந்தார். ஊர் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது, முள் பொய் சொல்லக்கூடும், மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று கெஞ்சினார்.

"முள்ளு பொய் சொல்லலாங்க. சொல்லலைன்னா? எஞ்சின் போச்சுன்னா நாளைக்கு இன்னாத்த வச்சி உழுவேன்?" என்றாள் ராஜம்.

இந்த இடத்தில் ஜம்புலிங்கத்தை வில்லனாக்க மிகவும் முயன்றேன். அவர் பற்களைக் கடித்தபடி— இல்லை. கவலையில் மீசையைத் தடவித்தடவி, ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அப்படி ஒருவரை எப்படி வெறுப்பது?

4

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இளவரசி இறங்கினார்.

முள்மேல்தான் வேணுகோபாலுக்கும் சந்தேகம். அதற்குப் போகும் சின்னக் குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். ஆயில் வராவிட்டால் பம்பு போச்சு. நன்றாகப் பீய்ச்சினால் முள்தான் பொய். ராஜம் சுற்றினாள். வந்தது. ஆனால் தண்ணீர்போல ஓடிவந்து இளவரசியின் ஜாக்கெட்டை நனைத்தது. அவர் அதைக் கட்டைவிரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிசுக்கே இல்லை.

ராஜம் ஆயில் அளக்கும் குச்சியை உருவினாள். குறைந்திருக்கும் என்று பார்த்தால், கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. ஊற்றாமலே கூடியிருக்கிறதே என்று குழம்பி, குச்சியை மோந்து பார்த்தாள்.

"கிஷ்ணாயில்," என்றாள்.

பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டிய வண்டி அது. பெட்ரோலை மிச்சம்பிடிக்க அவள் சூடாவதற்குள்ளேயே மாற்றிக்கொண்டிருந்தாள். எரியாத மண்ணெண்ணெய் நாளுக்குநாள் கீழே வடிந்து ஆயிலைக் கரைத்துவிட்டது. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லவேளை நிறுத்தினீங்க, எஞ்சின் தப்பிச்சிடுச்சி என்று வேணுகோபால் சொன்னபிறகுதான் மூச்சு விட்டாள்.

(ஆக, விரலா மூக்கா? நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எனக்கு இரண்டு பேர் வீட்டுக் காப்பியும் வேண்டும். ஒரே வீடுதான் என்றாலும்.)

5

புது ஆயில் வேண்டும். பங்காருபேட்டையில் கடை திறந்திருக்கும். அந்தப் பக்கம் போன லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டார் ஜம்புலிங்கம், கிரீடத்தோடு.

நாடகக்காரர்களைக் காணோமே என்று கிராமத்து ஜனங்கள் பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு சாலைக்கே வந்துவிட்டார்கள். இளவரசியின் கால்கள் மட்டும் டிராக்டருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவர் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். இதுதான் முதல் காட்சி என்று நினைத்து அவர்கள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியுமா? டிரெய்லர் மேடையாயிற்று. ராஜா இல்லை. ராஜாவின் வசனம் தெரிந்த ஒரே ஆளான ராஜம், டிராக்டர் இருக்கையில் ஏறி நின்றாள்.

"இளவரசி, என்னை மணக்கச் சம்மதமா?"

நாடகப்படி இளவரசி மறுக்கவேண்டும். பிறகு போர், சிறை, சாபம். கடைசி அங்கத்தில்தான் இணங்கவேண்டும். கறுத்த கைகளோடு டிரெய்லரில் நின்ற வேணுகோபால் ராஜத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சம்மதம்."

அந்த நேரம் பார்த்து ஆயில் டின்னோடு ஜம்புலிங்கம் லாரியிலிருந்து குதித்தார். முன்வரிசையில் இருந்த தங்கம்மா என்ற பெண்மணி, இரண்டு ராஜாக்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தீர்த்துவைத்தாள். "எந்த ராஜா வேணும்னு அந்தப் பொண்ணையே கேளுங்க."

வேணுகோபால் கையை நீட்டி டிராக்டர் இருக்கையைக் காட்டினார். சாலையே கைதட்டியது.

6

அப்போது ராஜம் ஏதோ சொன்னாள். கைதட்டலில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

முடிவு அ: "'நானும்தான்,' என்றாள் ராஜம்." இதைப் படித்துக் காட்டினேன். தலையிலடித்துக்கொண்டாள்.

முடிவு ஆ: "'மொதல்ல ஆயில ஊத்துங்க,' என்றாள்." இதுதான் நடந்தது என்கிறார் வேணுகோபால். ராஜம் இல்லவே இல்லை என்கிறாள்.

முடிவு இ: அவள் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா—

பிறகு என்னதான் சொன்னாய் என்று நேற்று கேட்டேன். சிவந்துபோய் உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! இனி எனக்கு உரிமையில்லை. அந்த வரி உங்களுடையது.

ராஜம் சொன்னாள்: ".................."

எதை வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் அடுத்து வருவதோடு பொருந்தவேண்டும். ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பியதும் முள் மெல்ல ஏறி நின்றது. ஊர் ஜனங்கள் முறைவைத்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு திரும்பும்போது ஆண்கள் எல்லாரும் டிரெய்லரில் ஏறினார்கள். இளவரசி மட்டும் ஏறவில்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மட்கார்டில், ராஜத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.