ஏழாம் வீட்டுச் சான்றிதழ்

வக்கீல் கடிதத்தை மார்த்தினா ஃபெரெய்ரா மூன்று முறை படித்தாள். ஏழாம் எண் வீடு விற்பனையாகிறது. பெயர் மாற்றிப் பதிய, அந்த வீட்டின் மேல் பராமரிப்புப் பணம் பாக்கியில்லை என்று குடியிருப்புச் சங்கம் சான்றிதழ் தர வேண்டும். சங்கத்துக்குத் தலைவி மார்த்தினாதான். வீட்டுக்குச் சொந்தக்காரி இலானி, அவள் பெற்ற ஒரே மகள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வக்கீலை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறாளே!

இலானி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாள்தான்மா, வீடு அப்படியே இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மார்த்தினா வாரம் தவறாமல் மாடியேறி ஜன்னலைத் திறந்து வைத்தாள், குழாயைத் திருகி விட்டாள், கடற்காற்றில் துருப்பிடித்த கீல்களுக்கு எண்ணெய் போட்டாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்புகூட மாற்றினாள். மகள் வந்துவிடுவாள் என்ற நினைப்பில்தான் நாள் ஓடியது. வீடும் போய்விட்டால் அவள் எதற்குத் திரும்பி வரப்போகிறாள்?

வக்கீல் இரண்டு முறை நினைவூட்டியும் மார்த்தினா பதில் போடவில்லை. மூளை குறுக்கு வழியில் ஓடியது. கூரைப் பழுதென்று எல்லா வீட்டுக்கும் ஒரு தனிக்கட்டணம் போட்டுவிட்டால்? அதைக் கட்டி முடிக்கும்வரை சான்றிதழ் கிடையாது. வாங்க வந்தவனும் சலித்துப்போய் வேறு வீடு பார்ப்பான். சனிக்கிழமை மதியம் நிர்வாகிகளைக் கூட்டினாள்.

நிர்வாகிகள் மொத்தமே மூன்று பேர். அவள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மபண்ட்லா, நர்ஸ் பிரிசில்லா. கூரையைப் போன வருஷம்தானே சரிபண்ணினோம் என்று பிரிசில்லா விழித்தாள். உப்புக் காற்று, முன்னெச்சரிக்கை என்று மார்த்தினா என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாள்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. தன் சொந்த விஷயம் பேச்சுக்கு வந்தால் நிர்வாகி அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதில் மார்த்தினா படு கறார். பால்கனிக்குக் கம்பி போட அனுமதி கேட்ட பாவத்துக்கு மபண்ட்லாவையே அரைமணி நேரம் மாடிப்படியில் நிற்க வைத்தவள்.

"வக்கீல் எனக்கும் எழுதியிருக்கார், மார்த்தினா," என்றார் மபண்ட்லா மெதுவாக. "ஏழாம் வீடு உங்க பொண்ணு வீடு. நான் வேற சொல்லணுமா?"

அவளுக்கு மானம் போயிற்று. எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டோடு செல்போன் அடித்தது. இலானி.

"மா, சான்றிதழ் ஏன் இன்னும் வரலைன்னு வக்கீல் கேக்கறார். நீதான் நிறுத்தி வச்சிருக்கியா?"

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"



"சொன்னா நீ அழுவ. நீ அழுதா என் மனசு மாறிடும்."

"மாறினா என்னவாம்?"

"என்னால வர முடியாதும்மா. பிள்ளைங்களுக்கு இதுதான் ஊருன்னு ஆயிடுச்சு. அந்த வீட்டை வச்சுக்கிட்டு, வரேன் வரேன்னு இன்னும் எத்தனை வருஷம் உன்னை ஏமாத்துறது? கையெழுத்துப் போட்டுக் குடும்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

மார்த்தினா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மகளின் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். போனையாவது வைத்துவிடாமல் இருக்கமாட்டாளா என்றிருந்தது.

கதவு திறந்தது. கூரைக்குக் கட்டணம் வேண்டாம், சான்றிதழைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிவிட்டதாக மபண்ட்லா சொன்னார். கையெழுத்தை அவரும் பிரிசில்லாவுமே போட்டுவிடுவார்களாம், விதிப்படி அது போதுமாம், அவள் சிரமப்பட வேண்டாமாம்.

"நீங்க போட வேண்டாம். நான்தான் போடுவேன்," என்றாள் மார்த்தினா, படியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தபடி. "போய் ஆறு வருஷத்துல இப்பதான் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா."