அழகுபாண்டிக்குப் பாடிய ஒப்பாரி

தன் புருஷனுக்கு எதைக் கேட்டால் மனசு உருகும் என்று சுபலட்சுமிக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் இருப்பவரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அவளிடம் அதைக் கேட்டவர் டாக்டர் தமிழ்வாணி. கே.கே. நகரில் நரம்பு வைத்தியம் பார்க்கிறவர். நான்கு மாதத்துக்கு முன்னால், சமயநல்லூரில் டைல்ஸ் கடையைப் பூட்டிவிட்டுக் கோச்சடை வீட்டுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தார் அழகுபாண்டி. நாலுவழிச் சாலையில் குறுக்கே ஓடிய நாயைத் தப்பவிடப் போய்த் தலைகுப்புற விழுந்தார். நாய் பிழைத்துக்கொண்டது. அவர் கண்ணும் திறக்காமல் கையும் அசைக்காமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உள்ள முழிப்பு இருக்கலாம்மா. காது கேக்கலாம். அவரு மனசு எதுக்கு உருகுமோ அதைப் போட்டுக் காட்டுங்க. பாட்டு, மழைச் சத்தம், தெரிஞ்சவங்க குரல், எதுன்னாலும் சரி. அதுக்கு ஏதாவது அசைவு வந்துச்சுன்னா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்" என்றார் டாக்டர்.

சுபலட்சுமி முழித்தாள். அழகுபாண்டிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். குழம்பு எப்படி இருக்கு என்றால், நல்லாத்தான் இருக்கு. சேலை எப்படி இருக்கு என்றால், நல்லாத்தான் இருக்கு. கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் மேகம் காலடியில் போகும்போது அவள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பினால், மனிதர் வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. தகப்பனார் செத்தபோதுகூடப் பந்தல்காரனுக்கும் ஐஸ்பெட்டிக்காரனுக்கும் போன் போட்டபடி அலைந்துகொண்டிருந்தாரே தவிர, ஓர் இடத்தில் உட்காரவில்லை.

இருந்தாலும் விட்டுவிட முடியுமா? சென்னையிலிருந்து மகன் விக்ரம் வந்து தலைமாட்டில் ஸ்பீக்கர் வைத்தான். அப்பா காலத்துச் சினிமாப் பாட்டு இருநூறு ஏற்றிக் கொடுத்துவிட்டு, லீவு முடிந்ததும் போனான். பக்கத்துக் கடை செல்வக்குமார் வைகைக் கரைக்குப் போய்த் தண்ணீர் ஓடுகிற சத்தத்தையும், வயல்பக்கம் போய் மயில் அகவுவதையும் போனில் பிடித்து வந்தான். "அண்ணே, மயிலுண்ணே! கேக்குதாண்ணே?" என்று காதருகே கத்தினான். ஊர்க் கோவில் உறுமிச் சத்தம், மாட்டுக் கழுத்துமணி, பேரையூர்ப்பக்கம் யாரோ ஊதிய குழல் என்று அந்த அறைக்குள் வராத சத்தம் பாக்கியில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அழகுபாண்டியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

சுபலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. யாரோ முன்பின் தெரியாத விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்க, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் தான் பரிமாறிக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதரை ஒரு தடவையாவது உட்காரவைத்து, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எல்லாம்தான் பிடிக்கும் என்றிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் நாத்தனார் சோலையம்மாள் ஊரிலிருந்து வந்தாள். அழகுபாண்டிக்கு அக்காள், அறுபது வயது. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்தான். ஆனால் அங்கே நர்சு வாய்மேல் விரலை வைத்துவிட்டதால், அழ வேண்டிய அழுகை அப்படியே பாக்கி இருந்தது. துக்கப்பட்ட வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுப் பொம்பளையைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழ வேண்டும். அழாமல் போனால் மரியாதை இல்லை. சோலையம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டுச் சுபலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஊரில் எந்தச் சாவு என்றாலும் முதல் குரல் அவளுடையதுதான். அழத் தொடங்கிய குரல் தன்பாட்டில் பழகிய தடத்துக்குப் போய்விட்டது.

"வாழைக்குத் தண்ணி கட்டி வரப்போரம் நின்னவனே
வாய்க்கா தெறந்திருக்கு, வந்து நீ பாக்கலையா"

என்று அவள் இழுத்தபோது, அழகுபாண்டியின் வலது கண்ணோரத்தில் நீர் கோத்தது. அது நிரம்பிக் காதுப்பக்கம் ஓடியது. இடது கை ஆள்காட்டி விரல் போர்வைமேல் ஒரு தடவை நகர்ந்தது.

"மதினி, பாருங்க! மதினி, நிப்பாட்டாதீங்க, இன்னும் பாடுங்க!" என்று சுபலட்சுமி அலறினாள்.

சோலையம்மாள் அப்போதுதான் தான் என்ன பாடினோம் என்று உணர்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடி ஆத்தீ! உசுரோட இருக்குறவனுக்கு ஒப்பாரி வச்சுப்புட்டேனே. என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!"

"அவரு அழுகுறாரு மதினி. நாலு மாசத்துல இப்பத்தான்..."

"அதுக்காக? என் தம்பியை நானே பாடையில ஏத்தவா? நீ தாலி கட்டிக்கிட்டு நிக்கிறவ, பேசுற பேச்சா இது?" சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது அவர் நெற்றியில் விபூதி பூசி, செய்த தப்புக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுபலட்சுமிக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டோம்! ஊமை மாதிரி இருந்த மனுஷனுக்குள்ளே ஒப்பாரிக்கு உருகுகிற மனசு ஒளிந்திருக்கிறது. தகப்பனார் செத்த அன்று அவர் ஏன் ஓர் இடத்தில் உட்காரவில்லை என்பதும் இப்போது புரிந்தது. உட்கார்ந்திருந்தால் உடைந்து போயிருப்பார். போனில் ஒப்பாரி தேடிப் போட்டுப் பார்த்தாள். யாரோ யாருக்கோ பாடியது, அது எடுபடவில்லை. சரி, நானே பாடுகிறேன் என்று முடிவு செய்தாள். அபசகுனம்தான். ஆனால் இதைவிடக் கெட்டது இனி என்ன வரப் போகிறது என்று நினைத்தாள்.

டவுனில் வளர்ந்தவள், வாய்விட்டுப் பாடியதில்லை. காலையில் எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு கதவைச் சாத்தி, ஹாலில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, கட்டிலோரம் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஒப்பாரி என்றால் அரைகுறையாக அழக்கூடாது. பூவையும் பொட்டையும் தாலியையும் சொல்லி, பாடையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியையும் சொல்லித்தான் பாட வேண்டும். கழுத்தில் தாலி கிடக்க, அதைத் தொட்டுக்கொண்டே அவள் பாடினாள்.

"பொட்டழிஞ்ச நெத்தியோட பொழுது விடியுதையா
பூக்காரி வாசலிலே என்னைத் தாண்டிப் போறாளே
டைல்ஸு போட்ட வீட்டுக்குள்ள தரைகூடச் சுடுதையா
தூக்கிப்போன நாலு பேரும் திரும்பி வந்து நிக்கிறாக"

கண்ணீர் வந்தது. அவளுக்கும் அவருக்கும் வந்தது. அன்று முழுக்க அவள் சந்தோஷமாகச் சமைத்தாள்.

பதினோரு நாள் பாடினாள். இருபத்தாறு வருஷம் சொல்லாததெல்லாம் பாட்டில் வந்தது. கொடைக்கானலும் வேர்க்கடலையும் வந்தன. அவளுடைய தலைப்பிரசவத்தில் அவர் வெளியே நின்று விடிய விடிய டீ குடித்ததும் வந்தது. உங்களை எனக்கு எம்புட்டுப் பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லையே என்பதும் வந்தது. உயிரோடு இருக்கிற புருஷனிடம் இதையெல்லாம் எந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்? ஒன்பதாம் நாள் அவர் உதடு கோணியது. ஏதோ சொல்ல வருகிறார் என்று அவள் இன்னும் உருக்கமாக, சுடுகாட்டு வழி முழுக்கப் பாடினாள். அவர் உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்கு ஓடினாள். டாக்டர் தமிழ்வாணி ஒரு தடவை பார்த்தார். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இது கண்ணு உலர்ந்து வர்ற தண்ணி இல்லம்மா. சும்மா ராகத்துக்கு வர்றதும் இல்ல. கவனிச்சீங்களா? நீங்க வார்த்தை மாத்தும்போது முகம் மாறுது. தூக்கிப்போன நாலு பேருன்னு வர்ற இடத்துல மட்டும் விரல் அசையுது. அவருக்கு அர்த்தம் புரியுதும்மா. நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் புரியுது!"

சுபலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"புரியுதுன்னா..." என்றாள். "கண்ணு தெரியல. கையக் கால ஆட்ட முடியல. எந்திரிக்க முடியல. அவரு அக்கா வந்து ஒப்பாரி வைக்கிறாக. பொறகு நான் தெனம் வைக்கிறேன். அம்புட்டும் புரியுதுன்னா, தான் எங்க கெடக்கோம்னு அவரு நெனைச்சுக்கிட்டு இருப்பாரு, டாக்டர்?"

டாக்டர் இயர்போனைக் கழற்றினார். போனைத் தொட்டு, ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

ஆட்டோவில் வரும்போது சுபலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். மனசு உருகி அழுகிறார் என்று சமைத்துச் சாப்பிட்டேனே! உதடு கோணியது எதற்கு என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் சாகவில்லை, என்னைத் தூக்காதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அவள் சுடுகாட்டு வழியை நீட்டிப் பாடியிருக்கிறாள்.

வீட்டுக்குள் ஓடி அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, நீங்க சாகலங்க. உசுரோடதான் இருக்கீங்க. நம்ம வீடுதாங்க இது. நான் பாடுனது பொய்யிங்க. கண்ணத் தொறந்து பாருங்க. எந்திரிங்க!" அசைவில்லை. கண்ணோரம் காய்ந்து கிடந்தது. மறுநாளும் சொன்னாள். விக்ரமைப் போனில் பேசவைத்தாள். செல்வக்குமார் வந்து, "அண்ணே, உங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே, கடை தெறந்துதான் இருக்கு" என்றான். சோலையம்மாளைக் காலில் விழாத குறையாக வரவழைத்தாள். அவள் தம்பியின் மார்பில் கை வைத்து, "நீ எங்கேயும் போகலைய்யா, இங்கதான் இருக்க, எந்திரிச்சு வாய்யா" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டபோதுதான் சுபலட்சுமி சுவரோடு சாய்ந்தாள். எல்லாச் சாவு வீட்டிலும் இதைத்தானே சொல்கிறோம். நீ சாகலைய்யா, எந்திரிச்சு வாய்யா, கண்ணைத் தொறந்து பாருய்யா என்று பிணத்தை உலுக்கி உலுக்கி இதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். அவரும் ஐம்பத்திரண்டு வருஷம் இதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார்.

எல்லாரும் போனபிறகு அவள் யோசித்தாள். செத்தவரிடம் சொல்லாதது ஏதாவது இருக்க வேண்டுமே. திட்டு! செத்தவரை யாரும் திட்டுவதில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் மோட்டார் இழுக்கவில்லை. அவள் நேராகக் கட்டிலருகே போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மோட்டாரு மறுபடி மக்கர் பண்ணுது. ரிப்பேர் பண்ணுங்கன்னு போன தீவாளிக்கே சொன்னேன், கேட்டீங்களா? கேஸும் தீர்ந்துபோச்சு. எல்லாத்தையும் என் தலையில கட்டிப்புட்டு நல்லா மல்லாந்து படுத்துக்கிட்டீங்க. நான் ஒத்தையில எம்புட்டுத்தான் பாப்பேன்? என்னிய இப்படி விட்டுப்புட்டு..."

அதற்குமேல் குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு நாள் பழகிய தடத்துக்கு அது தானாகத் திரும்பி, "விட்டுப்புட்டு" என்பதை நீட்டி இழுத்தது.

அழகுபாண்டியின் வலது கண்ணோரத்தில் நீர் கோத்து, நிரம்பி, காதுப்பக்கம் ஓடியது.

சுபலட்சுமி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.